கூரையிழந்த தலைநகரம்

வெளி மாநிலத்தில் வாழும் தமிழர் இருவர் முதன்முறை சந்தித்தால் அவர்களுக்கிடையே எழும் முதற்கேள்வி யாது என்பதை நேயர்கள் நன்கறிவர். பெயரைக் கேட்பதற்கு முன்பே ஊரைக் கேட்கிறோம். தில்லியில் முப்பது ஆண்டு வாழ்ந்தவரும், மும்பையிலேயே பிறந்து வளர்ந்தவரும்கூட, அக்கேள்விக்குத் தில்லி என்றோ மும்பை என்றோ விடையிறுப்பது அரிது. ஏதோ ஒரு சிற்றூரின் பெயரைச் சொல்லி, அஃது எந்த ஆற்றங்கரையில், எந்தப் பேரூருக்கு எத்தனை கல் தொலைவில் உள்ளது என்று விளக்கத் தொடங்குகிறோம்.

இக்கேள்வியை நாம் அண்மையில் அந்தமானில் ஒரு படகில் எதிர்கொண்டோம். போர்ட் பிளேர் என நெடுநாள் வழங்கி, 2024இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றம் பெற்ற நகரின் அபர்டீன் படகுத்துறையிலிருந்து, எதிரே தெரியும் சிறு தீவுக்குச் செல்லும் படகு அது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் நம் தமிழைக் கேட்டு அருகில் வந்தார்.

"எந்த ஊரு சார்?"

"தில்லி" என்றோம்.

"அது வேலை பாக்குற ஊரு சார். சொந்த ஊரைச் சொல்லுங்க" என்று சிரித்தார்.

சொன்னோம். உங்களுக்கு எந்த ஊர் தம்பி என்று நாம் கேட்டபோது, பின்னே விலகிச் செல்லும் கரையைக் கையால் காட்டினார். "எனக்கு இதான் சார். தாத்தா ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்தவரு. நான் அந்தப் பக்கம் பாத்ததே இல்ல."

அன்று பகல் முழுதும் அத்தீவில் நடந்தபோது இவ்விரு விடைகளும் நம் செவியை விட்டு அகலவில்லை. ஓர் இடம் ஒருவருக்கு எப்பொழுது ஊராகிறது? அத்தீவிலுள்ள இடிபாடுகள் இக்கேள்விக்குத் தம் வழியில் ஒரு விடையை வைத்திருக்கின்றன. நேயர்களுடன் அதனைப் பகிர்ந்துகொள்வதே இவ்வுரையின் நோக்கம்.

தீவின் இன்றைய பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. 2018 டிசம்பர் 30இல் இப்பெயர் சூட்டப்பெற்றது. 1943ஆம் ஆண்டு அதே நாளில்தான் நேதாஜி போர்ட் பிளேரில் மூவண்ணக் கொடியை ஏற்றினார். அதற்கு முன்பு இதன் பெயர் ராஸ் தீவு. டேனியல் ராஸ் என்னும் கடல் அளவையாளரின் பெயரால் அமைந்தது. பழைய ஆவணங்களில் இப்பெயரே காணப்படுவதால், பழங்கதையைக் கூறுமிடத்தில் நாமும் இதனையே வழங்குவோம். துறைமுக வாயிலில் காவலாளியைப்போல் நிற்கும் இச்சிறு நிலம், 1858 முதல் 1941 வரை, ஏறத்தாழ எண்பத்து மூன்று ஆண்டுகள், அந்தமான் குடியேற்றத்தின் தலைமையிடமாக விளங்கிற்று.

அதற்கும் முன்னே ஒரு கதை உண்டு. 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் என்னும் கடற்படை அதிகாரி இத்துறைமுகத்தை அளந்து, அருகிலுள்ள சத்தம் தீவில் ஒரு குடியேற்றத்தை அமைத்தார். 1792இல் அது வட அந்தமானுக்கு மாற்றப்பட்டது. ஆங்கு நோய் மிகுந்து பலர் மடியவே, 1796இல் அரசினர் அதனைக் கைவிட்டனர். வெட்டிய காட்டை மீண்டும் காடே மூடிக்கொண்டது. அறுபது ஆண்டுகள் வேறெவரும் நிலையாகத் தங்க வரவில்லை.

1857ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சி அந்நிலையை மாற்றிற்று. வட இந்தியச் சிறைகள் நிரம்பி வழிந்தன. கிளர்ச்சியில் சிறைப்பட்டோரைத் தாய்நிலத்தில் வைத்திருக்க ஆட்சியாளர் அஞ்சினர். டாக்டர் மௌவட் தலைமையில் ஒரு குழு அந்தமானைச் சுற்றி ஆராய்ந்து, பிளேர் முன்பு கண்ட துறைமுகமே தக்க இடம் என்று பரிந்துரைத்தது. 1858 மார்ச் 10ஆம் நாள், ஆக்ரா சிறையில் பணியாற்றிய டாக்டர் ஜே. பி. வாக்கர், 200 கைதிகளுடன் 'செமிராமிஸ்' என்னும் கப்பலில் வந்து சேர்ந்தார். சத்தம் தீவில் நன்னீர் போதாமையால் தலைமையிடம் விரைவில் ராஸ் தீவுக்கு மாறியது.

அன்று ராஸ் தீவு அடர்ந்த காடு. கைதிகள் அதனைக் கோடரியால் வெட்டித் திறந்தனர். வெயிலும் மழையும் காய்ச்சலும் ஒருபுறம். தம் காட்டைக் காக்க அம்பெய்த பழங்குடிகள் மறுபுறம். பலர் தப்பியோடினர். கடலைக் கடந்தால் பர்மாவை அடையலாம் என்று சிலர் நம்பினர். ஓடியவர்களுள் பலர் காட்டில் மாண்டனர். பிடிபட்டவர்களுள் 86 பேரை வாக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார். அரசின் மேலிடமே அச்செயலை ஏற்கவில்லை.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற விழைகிறோம். நம் பாட்டன்மார் இத்தண்டனையைத் 'தீவாந்தர சிட்சை' என்றனர். வேறு தீவுக்கு அனுப்பப்படும் தண்டனை என்பது அதன் பொருள். வடநாட்டார் 'காலாபாணி' என்றனர், கருந்தண்ணீர் எனலாம். ஆங்கிலச் சட்டச் சொல்லோ வெறுமனே கொண்டு செல்லுதலைக் குறித்தது. ஒரு சரக்கு மூட்டைக்கும் அச்சொல் பொருந்தும். தமிழ்ச் சொல்லில் தீவு தெரிகிறது. இந்திச் சொல்லில் கடல் தெரிகிறது. சட்டத்தின் சொல்லில் இரண்டுமில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1955இல் செய்யப்பெற்ற திருத்தத்தின் வழியே அச்சொல் நீக்கப்பட்டு, ஆயுட்சிறை என்பது அதனிடத்தில் அமைந்தது. கோப்பிலிருந்து சொல் மறைந்துவிட்டது. அது கட்டிய சுவர்கள் ராஸ் தீவில் நிற்கின்றன.

இனித் தீவினுள் நடப்போம். படகுத்துறையில் இறங்கியவுடன், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அமைத்த பதுங்கறை கண்ணில் படுகிறது. அதனைக் கடந்து, தென்னை நிழலில் பாதை மெல்ல மேலேறுகிறது. புள்ளிமான்கள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டவற்றின் வழிவந்தவை இவை. மயில்களும் உண்டு. வழியின் இருபுறமும் செங்கற் சுவர்கள் எழுகின்றன. ஒவ்வொன்றின் முன்னும் பெயர்ப்பலகை நிற்கிறது: ரொட்டி சுடும் அடுமனை, அச்சகம், பண்டகசாலை, படைவீரர் குடியிருப்பு, கடல்நீரைக் காய்ச்சி நன்னீராக்கிய நிலையம், மின்நிலையம், கேளிக்கை மன்றம், நீச்சற்குளம். காட்டின் நடுவே ஓர் ஐரோப்பிய நகரின் வசதிகள் யாவும் இங்குக் குறைவின்றி இருந்தன என்பதை இப்பலகைகள் உரைக்கின்றன. வடபால் உச்சியில் தலைமை ஆணையரின் மாளிகை இருந்தது. மேட்டின்மீது தேவாலயம் நின்றது. அதன் சன்னற் சட்டங்கள் பர்மாத் தேக்கினால் ஆனவை என்பர். இன்று சட்டமும் இல்லை, கூரையும் இல்லை. நாற்புறமும் சுவர், மேலே வானம்.

இச்சுவர்களை இன்று தாங்குபவை மரங்களே. பறவைகள் உண்டு கழித்த ஆல், அத்தி வகை விதைகள் செங்கற்களின் இடுக்கில் விழுகின்றன. சுண்ணச் சாந்தில் தங்கிய ஈரத்தைத் தேடி வேர்கள் இறங்குகின்றன. முதலில் அவை சுவரைப் பிளக்கின்றன. பின்னர்ப் பெருத்துப் பின்னி, பிளந்த சுவரையே வலைபோல் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. நெடுங்காலம் கவனிப்பாரற்று நின்ற சுவர்களுள் பல, வேரை வெட்டினால் அன்றே விழுந்துவிடும். ஒரு வாயிலின் நிலைப்படியில் கதவிருந்த இடத்தை ஒரு மரத்தின் அடி முழுவதும் அடைத்துக்கொண்டிருந்தது. நம்முடன் வந்த பள்ளிச் சிறுவர்கள் அதன்முன் நின்று படம் பிடித்துக்கொண்டனர்.

பாதையில் சிறிது விலகி ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. அதிகாரிகளும், அவர்தம் மனைவியரும், பிஞ்சுக் குழந்தைகளும் அங்குத் துயில்கின்றனர். கல்லில் பெயரும் நாளும் பொறித்திருக்கின்றனர். தாய்நாட்டிலிருந்து பல்லாயிரம் கல் தொலைவில் குழந்தையை அடக்கம் செய்த ஒரு தாயின் துயரத்தை எவரும் சிறிதென்று சொல்லார். ஆனால் அந்தக் கல்லைச் சுமந்தவர் யார், அந்தக் குழியைத் தோண்டியவர் யார் என்பதற்குக் கல்வெட்டு இல்லை. கைதியின் கழுத்தில் ஒரு மரச்சீட்டுத் தொங்கிற்று. அவருடைய எண், குற்றப் பிரிவு, தண்டனை பெற்ற நாள், விடுதலைக்குரிய நாள் ஆகியவை அதில் இருந்தன. ஊருக்கு அச்சீட்டில் இடமில்லை.

தேவாலய மேட்டிலிருந்து மேற்கே நோக்கினால், நீர்ப்பரப்புக்கு அப்பால் செல்லுலர் சிறையின் கட்டடம் தெரிகிறது. 1896இல் தொடங்கி 1906இல் முடித்த அச்சிறையின் ஏழு கைகளுள் மூன்றே இன்று எஞ்சியுள்ளன. அதனைக் கட்டியவர்களும் கைதிகளே. தம்மைப் பூட்டுவதற்குரிய அறைகளைத் தாமே கட்டினர். இங்கு மாலைவேளையில் கேளிக்கை மன்றத்தில் அமர்ந்தவர்களுக்கு அச்சிறை ஒவ்வொரு நாளும் கண்ணெதிரே இருந்திருக்கும்.

ராஸ் தீவின் கதையில் மூன்றாவதாக ஒரு மக்களும் உண்டு. அவர்களை மறந்தால் கதை பொய்யாகிவிடும். இத்துறைமுகத்தைச் சூழ்ந்த காடெல்லாம் பேரந்தமானியர் எனப்படும் பழங்குடிகளின் ஊராக இருந்தது. 1859 மே மாதத்தில் அவர்கள் ஒன்றுதிரண்டு அபர்டீனில் குடியேற்றத்தைத் தாக்கினர். அவர்களோடு ஓராண்டளவு வாழ்ந்து திரும்பிய தூத்நாத் திவாரி என்னும் கைதி முன்கூட்டியே எச்சரித்துவிட்டமையால், வில்லும் அம்பும் துப்பாக்கிகளின்முன் தோற்றன. 1863இல் இதே ராஸ் தீவில், கோர்பின் என்னும் பாதிரியாரின் பொறுப்பில், அவர்களுக்கென ஓர் 'இல்லம்' அமைக்கப்பெற்றது. பழக்குவது அதன் நோக்கம். ஆனால் வெளியுலகின் நோய்கள் அவர்களிடையே பரவின. 1877இல் வந்த தட்டம்மை பெருந்தொகையினரைக் கொண்டு சென்றது. சில ஆயிரவராக இருந்த அம்மக்கள் 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேர்; 1961இல் 19 பேர். அவர்தம் மொழிகளுள் ஒன்றாகிய 'போ' மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா சீனியர் என்னும் மூதாட்டி 2010இல் காலமானார். நாள்தோறும் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் சொற்களை ஏற்றி இறக்கும் நமக்கு இச்செய்தி தரும் நடுக்கத்தைச் சொல்லில் அடக்க இயலவில்லை. மறுமொழி கூற ஒருவரும் இல்லாத நிலையில் ஒரு மொழியை மனத்தில் சுமந்து அவர் வாழ்ந்திருக்கிறார். அயலூரில் தன் குழந்தை தமிழில் மறுமொழி கூறவில்லையே என்று வருந்தும் நம் பெற்றோர்க்கு அத்தனிமையின் ஒரு சிறு துளியேனும் விளங்கும்.

தலைநகரம் எவ்வாறு வீழ்ந்தது? 1941 ஜூன் 26ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் அந்தமானை உலுக்கியது. ராஸ் தீவின் கட்டடங்கள் பிளவுற்றன. ஆட்சியாளர் தலைமையிடத்தை எதிர்க்கரைக்கு மாற்றினர். ஒன்பது மாதங்களுக்குள், 1942 மார்ச் 23இல், ஜப்பானியப் படை வந்திறங்கியது. அப்படையின் ஆட்சியில் தீவு மக்கள் பட்ட துன்பம் தனியே எழுதத்தக்கது. 1944 ஜனவரி 30இல் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை இன்றும் அங்குள்ளோர் நினைவுகூர்கின்றனர். 1945 அக்டோபரில் ஆங்கிலேயர் மீண்டபோது ராஸ் தீவைத் தலைநகராக்க எவரும் எண்ணவில்லை. தண்டனைக் குடியேற்றமும் அவ்வாண்டிலேயே முடிவுக்கு வந்தது. பின்வந்த ஆண்டுகளில் கேட்பாரற்ற கட்டடங்களிலிருந்து செங்கல்லையும் மரத்தையும் பலர் பெயர்த்துச் சென்றனர். 1979இல் தீவு இந்தியக் கடற்படையின் பொறுப்பில் வந்த பின்னரே எஞ்சியவை காக்கப்பட்டன.

பெயர்த்துச் சென்றதை நாம் முதலில் குற்றமெனவே கருதினோம். சற்று நடந்தபின் வேறோர் எண்ணம் எழுந்தது. அச்செங்கற்களுள் சில, அவற்றைச் சுமந்த கைதிகளின் பேரர் கட்டிய வீடுகளுக்கே சென்றிருக்கக்கூடும் அல்லவா?

ஏனெனில் கைதிகள் எல்லோரும் திரும்பிச் செல்லவில்லை. பல ஆண்டுகள் ஒழுங்காக நடந்துகொண்ட ஆயுட்கைதிக்குச் சிறைக் கொட்டடியை விட்டு வெளியே வாழ ஒரு சீட்டு வழங்கப்பட்டது. அவர் நிலம் பெற்று உழலாம், ஆடுமாடு வளர்க்கலாம், பெண் கைதியை மணக்கலாம். அவ்வாறு மணந்தவர்களுள் மொழி வேறானவர், சாதி வேறானவர், சமயம் வேறானவர் பலர். அவர்தம் மக்கள் 'உள்ளூரிற் பிறந்தோர்' என அழைக்கப்பெற்றனர். அவர்களிடையே இந்துஸ்தானி பொதுமொழியாயிற்று. 1921ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் மலபாரிலிருந்து மாப்பிள்ளைமார் குடும்பங்கள் வந்தன. 1949 முதல் கிழக்கு வங்காளத்து அகதிகள் குடியேறினர். கூலி வேலைக்கென ராஞ்சிப் பக்கத்தாரும், வாணிகத்திற்கும் கட்டட வேலைக்கும் அரசுப் பணிக்கும் எனத் தமிழரும் தெலுங்கரும் வந்தனர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை நிக்கோபாரின் கச்சால் தீவில், ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தினர். இன்று அபர்டீன் கடைவீதியில் நடந்தால் பத்தடிக்கொரு தமிழ்ச்சொல் காதில் விழும். ராஜேந்திர சோழனின் கல்வெட்டில் மாநக்கவாரம் என்று குறிக்கப்பெறுவது நிக்கோபாரே என்பது அறிஞர் கருத்து. ஆயினும் அங்குள்ள தமிழர் பேசுவது வெற்றியின் தமிழ் அன்று. சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் வந்து, வாழ வழி தேடியவர்களின் தமிழ்.

மேட்டைக் கடந்தால் பாதை மறுபுறம் சரிகிறது. கடலுக்குள் பாறைமீது நிற்கும் கலங்கரை விளக்கத்திற்கு ஒரு பாலம் செல்கிறது. படிகளில் இறங்கினால் ஃபெரார் கடற்கரை. நகரின் ஓசை இங்கில்லை. எதிரே வேறு கரையும் இல்லை. அந்தமான் கடல் அலைமேல் அலையாக வந்து கல்லில் மோதுகிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது இத்தீவு குறுக்கே நின்று நகரைத் தாக்கிய வேகத்தைத் தணித்தது என்று அங்குள்ளோர் நன்றியுடன் கூறுகின்றனர். நாம் மணலில் அமர்ந்து நெடுநேரம் நீரை நோக்கிக்கொண்டிருந்தோம். தப்பியோடிய கைதிகளும் இந்நீரை நோக்கித்தான் கரை எங்கே என்று எண்ணியிருப்பார்கள்.

அங்கமர்ந்து எண்ணியபோது, காலையில் கேட்ட இரு விடைகளின் பொருள் தெளிவாயிற்று. ராஸ் தீவில் ஆட்சி செய்தவர்கள் அதனை ஒருநாளும் ஊரென்று கருதவில்லை. அவர்களுக்கு அது பதவிக்காலம். எனவே நிலம் ஒருமுறை நடுங்கியதும் நீச்சற்குளத்தையும் மன்றத்தையும் விட்டுச் செல்ல அவர்களுக்குத் தடையில்லை. விரும்பாமல் கொண்டுவரப்பட்டவர்கள் எதிர்க்கரையில் நிலத்தைக் கொத்தி, பெண் கொண்டு, பெண் கொடுத்து, இறந்தோரைப் புதைத்தும் எரித்தும், அதனையே ஊராக்கினர். அந்த ஊர் வாழ்கிறது. ஆயின், அவர்கள் கொத்திய நிலமும் வேறொருவரின் ஊராக இருந்தது என்பதையும், அம்மக்களுக்கு எவரும் அதனைத் திருப்பித் தரவில்லை என்பதையும் சேர்த்தே நாம் நினைத்தல் வேண்டும். இம்மூன்றில் ஒன்றை மட்டும் சொல்பவர் அந்தமானின் கதையைச் சொன்னவராகார்.

அயல் மாநிலங்களில் வாழும் நாம் சங்கிலியில் வந்தவர்கள் அல்லர். பயணச்சீட்டு வாங்கி வந்தோம். ஆயினும் பலர் இன்னும் பதவிக்காலம் கழிப்பவரைப்போலவே வாழ்கிறோம். முப்பதாண்டு வாழ்ந்த தெருவின் முனையில் நிற்கும் மரத்தின் பெயர் நமக்குத் தெரிவதில்லை. அண்டை வீட்டாரின் மொழியில் ஆறுதல் சொல்ல வாய் வருவதில்லை. சொந்த ஊரை மறக்க வேண்டுவதில்லை. வாழும் ஊருக்கும் நம்மிடம் ஒரு பங்கு உண்டு என்பதையே ராஸ் தீவின் சுவர்கள் நமக்குக் கூறின.

மாலைப் படகில் அதே இளைஞர் இருந்தார். உங்கள் தாத்தா ஊருக்குத் திரும்பிப் போனதே இல்லையா என்று கேட்டோம்.

"ஒரே ஒரு தடவை போனாரு சார், தங்கச்சி மக கல்யாணத்துக்கு. ரெண்டு மாசம் இருக்கப் போறேன்னுதான் போனாரு. பதினஞ்சு நாள்ல அடுத்த கப்பலைப் புடிச்சு வந்துட்டாரு. வச்ச தென்னம்பிள்ளைக்கு யாரு தண்ணி ஊத்துவான்னு கேட்டாராம்."

படகு கரையை நெருங்கியது. அவர் கயிற்றை வீசத் துறைமேல் நின்றவர் பிடித்துக் கட்டினார். இருவரும் இந்தியில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டனர். நாம் இறங்கித் திரும்பிப் பார்த்தோம். எதிரே தீவின் தென்னைகளுக்கிடையே தேவாலயச் சுவர் மங்கிக்கொண்டிருந்தது. இக்கரையில் வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கேற்றத் தொடங்கியிருந்தனர்.